படத்துல இருக்கறது சக்திமான் இல்ல சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல ஒரு கலர் போட்டோ போட்டிருந்தீங்க, மிலிட்டரி டிஸ்போசல்ல வாங்கின லாரிய நம்ம பக்கத்துப் பசங்க மலையடிவாரத்துல சேத்த வாரி அடிச்சிகினு ஓட்ற போட்டோ, கீழ கொட்டை எழுத்துல ‘சக்திமான் சவாரி’ன்னு எழுதியிருந்தீங்க. சார், அது சக்திமான் இல்ல, ஸ்டாலியன், ரெண்டும் பட்டாள லாரிங்க பேரு. சக்திமானுக்கு முன்னாடி மூக்கு இருக்கும், குட்டையா ஒரு பானெட்டு. ஸ்டாலியனுக்கு மூஞ்சி தட்டை, நம்ம லேலண்டு லாரி மாதிரி, லேலண்டு டிசைன்தான் அது. எங்க தெருவுல டீக்கடையில உங்க பேப்பர் கிடந்துச்சி, நாலு ரிட்டயர்ட் ஆளுங்க உக்காந்திருந்தோம், நாலு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சிட்டோம். கணியம்பாடி ஒன்றியத்துல, கம்மவான்பேட்டை பக்கமெல்லாம், வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருந்தவங்க, இங்க வந்து வண்டி பேர மாத்தி சொன்னா எப்படி சார்.

சரி, பேரு தப்பா போட்டது பெரிய விஷயம் இல்ல, அதுக்காக ஒண்டி நான் பேனா எடுக்கல. அந்த போட்டோ வந்த மறுநாள் காலையில பல்லு கூட விளக்கல, தெருப் பசங்க மூணு பேர் வந்து நிக்கறானுங்க, “மிலிட்டரி மாமா, இந்த வண்டி எங்க கிடைக்கும், இன்னா ரேட்டு, நாமளும் ஒண்ணு போட்டு மலைக்கு ஏத்தலாமா”ன்னு. உங்க கட்டுரையில டயர் சைஸ் போட்டீங்க, என்ஜின் பவர் போட்டீங்க, கேம்ப் ஃபயர் போட்டோ போட்டீங்க, ஆர்.சி.ன்ற வார்த்தை ஒரு எடத்துல கூட இல்ல. ரெண்டு வாட்டி தேடிப் பாத்தேன். அந்த வார்த்தை தெரியாததால எங்க குடும்பத்துக்கு ஒரு லட்சம் போச்சி, அதனாலதான் எழுதறேன்.

நான் 1988-ல சேந்தேன், பெங்களூர் ஏ.எஸ்.சி. சென்டர்ல, அதான் பட்டாளத்துக்கு சாமான் ஏத்திக் குடுக்கற பிரிவு, டிரைவர் டிரெய்னிங். கையில கொடுத்த மொதல் வண்டியே சக்திமான். ஜெர்மனி மேன் கம்பெனி டிசைன், 1959-ல ஜபல்பூர்ல மொதல் வண்டி வெளிய வந்துச்சி, 1996 வரைக்கும் செஞ்சாங்க. ஸ்டியரிங் திருப்பறதுக்கு ரெண்டு தோளும் வேணும். லடாக்குல லே ரோட்டுல குளிருக்கு காலையில டீசல் கெட்டியாயிடும், டேங்குக்கு அடியில தீ காட்டி உருக வச்சி ஸ்டார்ட் பண்ணுவோம், இப்ப நெனச்சா பயமா இருக்கு, அப்ப அது தெனம் செய்யற வேலை. அப்பறம்தான் ஸ்டாலியன் வந்துச்சி, டாட்டா ரெண்டரை டன் வந்துச்சி, ரெண்டும் ஜபல்பூர் ஃபேக்டரிதான். ஸ்டாலியன்ல உக்காந்த அன்னிக்கு ஏதோ ஏ.சி. பஸ்ல உக்காந்த மாதிரி இருந்துச்சி எங்களுக்கு. 2006-ல ஹவல்தாரா வெளிய வந்தேன். அதனால வண்டி மேல எனக்கு வெறுப்பு இல்ல சார், பசங்கள விட எனக்குத்தான் ஆசை அதிகம்.

எங்க அக்கா பையனுக்கு இந்தப் பைத்தியம் புடிச்சி நாலஞ்சி வருஷம் ஆவுது. “மாமா, நீ ஓட்ன வண்டிய நானும் ஓட்டணும்”னு சொன்னான், எனக்கும் உள்ளுக்குள்ள குளுந்து போச்சி. அவனே போன்ல ஒரு புரோக்கரப் புடிச்சான், டெல்லி தாண்டி ஒரு ஊர்ல யார்டு, வண்டி போட்டோ, வீடியோ எல்லாம் வந்துச்சி, என்ஜின் சத்தம் கூட அனுப்பினான். நைனா, நேர்ல போய்ப் பாத்துட்டு காசு குடுடான்னேன், அவன் கேக்கல, வேற பார்ட்டி வந்துட்டாங்கன்னு புரோக்கர் சொன்னான்னு ஒரு லட்சம் அட்வான்ஸ் போட்டுட்டுதான் என்கிட்டயே சொன்னான்.

சரின்னு ரெண்டு பேரும் ரயில் ஏறிப் போனோம். யார்டுல வரிசையா வண்டி நிக்குது, எல்லாத்துக்கும் புதுசா பச்சை பெயிண்ட் அடிச்சி பளபளன்னு. பையன் நேரா கேபின்ல ஏறி ஸ்டியரிங்க புடிச்சிகினு கண்ண மூடிகினு உக்காந்துட்டான். நான் புரோக்கர்கிட்ட பேப்பர கேட்டேன், டெலிவரி ஆர்டர்னு, அதான் ஏலத்துல எடுத்தவனுக்கு வண்டிய விடச் சொல்ற பேப்பர், ஒரு ஜெராக்ஸ் குடுத்தான், ஏலத்துல ஒரே லாட்டுல போன நெறைய வண்டிங்க நம்பர் வரிசையா இருக்கு, அதுல ஒண்ணுக்கு நேரா பேனாவுல டிக்கு. சேசிஸ் நம்பர் எங்கன்னு கேட்டா ஃப்ரேம் மேல கைய காட்டறான், அங்க பெயிண்ட் ஒரு இஞ்சு தடிப்பு. கம்பி பிரஷ் கேட்டேன், இல்லன்னான். பக்கத்துப் பட்டறையில போய் நானே வாங்கிகினு வந்து, வேஸ்ட் துணிய டீசல்ல நனச்சி, சக்கரத்துக்குப் பின்னாடி படுத்துகினு தேச்சேன். அரை மணி நேரம். பச்சை போச்சி, அதுக்குக் கீழ இன்னொரு பச்சை, அதுக்குக் கீழ துரு. துரு போன எடத்துல சாக்பீஸ வச்சி அழுத்தி தேச்சி மேல லேசா துடைச்சா பள்ளத்துல ஒண்டி வெள்ளை நிக்கும், யூனிட்ல இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னாடி நாங்க செய்யற வேலை அது. நம்பர் ஒண்ணொண்ணா எழுந்து வருது, பேப்பரோட ஒத்துப் பாத்துகினே வரேன், எல்லாம் சரியா இருக்கு, கடைசி நம்பர் பேப்பர்ல ஒண்ணு, வண்டியில ஏழு.

“அரே ஃபௌஜி பாய், ஒரு நம்பர்தானே”ன்றான் புரோக்கர். ஒரு நம்பர்தான். அந்த ஒரு நம்பருக்கு அந்த வண்டி வேற வண்டி சார். பேப்பர் இருக்கற வண்டிய வேற எவனுக்கோ வித்துட்டானா, உடைச்சி எடைக்குப் போட்டானா தெரியல. அட்வான்ஸ் திரும்பி வர்ல. ரெண்டு நாள் ரயில்ல பையன் வாயே தொறக்கல, காட்பாடியில இறங்கி டீ குடிக்கும்போதுதான் “மாமா, அம்மாகிட்ட ஒண்டி சொல்லாத”ன்னான். அக்காவுக்கு அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சி போச்சி, அது வேற கதை.

இப்ப விஷயத்துக்கு வரேன். மிலிட்டரி வண்டிக்கு நம்ம மாதிரி டி.என். நம்பர் கிடையாது, பி.ஏ. நம்பர்னு சொல்வோம், மேல்பக்கம் பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி, அப்பறம் வருஷத்தோட ரெண்டு நம்பர், அப்பறம் மிச்சம். கண்டம் பண்ணி, அதான் இனிமே ஒதவாதுன்னு கழிச்சி, ஏலத்துல போவும்போது அந்த நம்பர் செத்துடும். அரசாங்க கம்பெனி எம்.எஸ்.டி.சி. ஆன்லைன்ல ஏலம் விடும், எங்க எப்படி நிக்குதோ அப்படியே எடுத்துகினு போன்றதுதான் கண்டிஷன், ஸ்டார்ட் ஆவுதா இல்லியான்னு யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. வெளிய வந்த வண்டி ரோட்டுல ஓடணும்னா நம்ம ஆர்.டி.ஓ.கிட்ட புதுசா ரிஜிஸ்டர் பண்ணணும். அதுக்கு 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதியில 47-வது விதி தெளிவா சொல்லுது, எக்ஸ் ஆர்மி வண்டின்னா சம்பந்தப்பட்ட அதிகாரிங்க குடுத்த ஒரிஜினல் சேல் சர்டிபிகேட் ஃபாரம் 21-ல வேணும்னு. ஒரிஜினல். ஜெராக்ஸ் இல்ல, புரோக்கர் எழுதிக் குடுத்த பத்திரம் இல்ல, இருபது ரூபா ஸ்டாம்ப் பேப்பர் இல்ல. அந்த ஃபாரம் 21 உங்க கையில இல்லன்னா நீங்க வாங்கினது வண்டி இல்ல, பழைய இரும்பு, எடைக்கு என்ன வெலையோ அதான் வெலை. ஃபாரம் இருந்தா கூட வண்டி வயசு, பொகை கணக்கு எல்லாம் பாத்துட்டு ஆபீஸ்ல முடியாதுன்னு சொல்லலாம், அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடியே பேப்பர எடுத்துகினு போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வாட்டி காட்டிக் கேட்டுடுங்க.

அதவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, நாங்க கடைசியில போன வழி. ஏற்கனவே சிவில் நம்பர் விழுந்த வண்டியப் பாருங்க. பக்கத்து ஊர்ல ஒரு ரிட்டயர்ட் சுபேதார் சாப், பல வருஷம் முன்னாடியே டாட்டா ரெண்டரை டன் ஒண்ணு முறைப்படி எடுத்து டி.என். 23 போர்டு போட்டு, எஃப்.சி. விடாம காட்டி, மாந்தோப்புக்கு ஓட்டிகினு இருந்தாரு. அவருக்கு முட்டி வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியல, எங்களுக்குக் குடுத்துட்டாரு. புரோக்கர் சொன்னத விட வெலை ஜாஸ்திதான். ஆனா ஆர்.சி. புக்க தொறந்தா சேசிஸ் நம்பர் வண்டியோட ஒத்துப் போவுது, ராத்திரி தூக்கம் வருது.

வண்டி கண்டிஷன் பத்தியும் பசங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மிலிட்டரி வண்டின்னா மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியா இருக்கும், அதப் பாத்து மயங்காதீங்க. ஓடாத வண்டிதான் ஓடின வண்டிய விட ஜாஸ்தி கெட்டிருக்கும். வருஷக்கணக்கா ஒரே எடத்துல நின்னா பிரேக் வீல் சிலிண்டர் புடிச்சிக்கும், ஆயில் சீல் எல்லாம் காஞ்சி அப்பளமாயிடும், டீசல் டேங்குல தண்ணி நிக்கும், அந்தத் தண்ணி பம்பு நாசிலுக்குப் போனா கதை முடிஞ்சிது. ஹவுசிங், அதான் ஆக்சில் நடுவுல இருக்கற உருண்டைப் பொட்டி, அதோட ஆயில் போல்ட்ட லேசா லூஸ் பண்ணிப் பாருங்க, ஆயில் கருப்பா வந்தா பரவால்ல, பால் காபி மாதிரி வந்தா தண்ணி உள்ள பூந்திருக்குன்னு அர்த்தம், உள்ள இருக்கற பல்சக்கரம், கிரவுன் பினியன், அதுக்குத் தனியா காசு எடுத்து வைங்க. டயர்ல பட்டன், அதான் மேல இருக்கற ரப்பர் கட்டைங்க, புதுசா நிக்கும், ஆனா சைடுல நாலு நம்பர் ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், 2309-ன்னு இருந்தா 2009-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். அத நம்பி மலை ஏறக்கூடாது, பட்டன் எவ்ளோ இருந்தாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும்.

இனிமே மாடிஃபிகேஷன். உங்க போட்டோவுல அந்தப் பசங்க வண்டிய இன்னும் உயரமா தூக்கியிருக்கானுங்க. எதுக்கு சார்? ஏற்கனவே நிக்கற மாட்டைத் தாண்டிப் போற உயரத்துல இருக்கற வண்டி அது. இன்னும் தூக்கினா சைடு சரிவுல சாயறதுக்குத்தான் வசதி. கமான் பட்டைய, அதான் ஸ்பிரிங் பட்டைய, சேத்துக் கட்டினா லோடு இல்லாத நேரத்துல குதிக்கும், குதிக்கற டயருக்கு மண்ணுல புடி இருக்காது. அந்த வண்டி அஞ்சி டன் ஏத்திகினு காட்டு வழியில போறதுக்கு செஞ்சது, காலியா நாலு பசங்களையும் ஒரு பிரியாணி அண்டாவையும் ஏத்திகினு போறதுக்கு இல்ல. லைசென்ஸும் அப்படித்தான், கார் லைசென்ஸ் 7500 கிலோ வரைக்கும்தான் செல்லும், ஸ்டாலியன் எடையும் லோடும் சேத்தா அதத் தாண்டிடும், ஹெவி வேணும்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சி, அதே வருஷம் சட்டத்த திருத்தி மாத்தின ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ளன்னு போட்டாங்க. அந்தப் பச்சை கலரும் கூடாது, யாருக்கும் தெரியாது இது, 121-வது விதி, ஆலிவ் கிரீன் மிலிட்டரி வண்டிக்கு ஒண்டிதான். பசங்க அந்தக் கலருக்குத்தான் வண்டியே வாங்கறானுங்க! சுபேதார் சாப் அப்பவே மண்ணு கலர் அடிச்சிட்டாரு, பையனுக்கு அதுல இன்னிக்கு வரைக்கும் வருத்தம்.

எங்க வண்டியில நாங்க பண்ணது கொஞ்சம்தான். சீட்டு, பெல்ட்டு, தார்ப்பாய், வேலூர் வெயிலுக்கு ரேடியேட்டர் கழட்டி சுத்தம், முன்னாடி பின்னாடி இழுக்கறதுக்கு ஊக்கு சரியா இருக்கான்னு பாத்தோம். கரண்டு விஷயத்துல ஒண்டி பையன் என்ன கேக்காம ஒரு வேலை பண்ணான். மிலிட்டரி வண்டி எல்லாம் 24 வோல்ட், ரெண்டு பேட்டரிய தொடுத்து வச்சிருக்கும். கடையில கிடைக்கற லைட்டு, பாட்டு பொட்டி எல்லாம் 12 வோல்ட். இவன் இன்னா பண்ணான், ஒரு பேட்டரியில இருந்து ஒண்டி ஒயர் இழுத்து லைட்டு போட்டுட்டான். லைட்டு நல்லாத்தான் எரிஞ்சிது. ரெண்டு மாசத்துல அந்த பேட்டரி எப்பவும் பசியா இருக்கு, பக்கத்துல இருக்கறது சார்ஜ் ஜாஸ்தியாகி கொதிச்சி வயிறு ஊதி மூடி வழியா ஆசிட் கக்கிடுச்சி. ரெண்டுமே போச்சி. 24-ஐ 12 ஆக்கற கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி ஆரம்பத்துலயே போட்டிருந்தா அதுக்கு ஆவற காசு ஒரு பேட்டரி காசுல பாதி கூட இல்ல.

ஓட்டறதப் பத்தி சொல்லாம விட்டா மனசு கேக்காது. போன சித்திரையில மச்சான் பட்டா நிலத்துல, ஓடை ஓரமா மணல் மேடு, அங்க ஓட்டக் கத்துக் குடுத்தேன். மேல காஞ்ச மணல், பாக்க கெட்டியா இருக்கு, நாலடி போனதும் பையன் பயந்து ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சான், அவ்ளோதான், பின் சக்கரம் ரெண்டும் தனக்குத்தானே குழி தோண்டிகினு ஹவுசிங் தரையில உக்காந்துடுச்சி. நான் சொல்ல சொல்ல மிதிக்கறான். எறங்கிப் பாத்தா வண்டி படுத்துகினு இருக்கற எருமை மாதிரி கீது. எல்லாரும் ஜே.சி.பி. கூப்பிடலாம்னு சொன்னாங்க. நான் டயர் காத்த கொஞ்சம் எறக்க சொன்னேன், டயர் அகலமா பரந்து உக்காரணும், யானை பாதம் மாதிரி. மம்முட்டி எடுத்து சக்கரத்துக்குப் பின்னாடி சரிவா வெட்டி, தென்னை மட்டைய போட்டு, முன் சக்கரமும் சேந்து இழுக்கறதுக்கு ஃப்ரண்ட் ஆக்சிலப் போட்டு, லோ கியர்ல, ஆக்சிலேட்டர் தொடாம ரிவர்ஸ் விட்டேன். எறும்பு மாதிரி ஊர்ந்து வந்துடுச்சி. மணலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஃப்ரண்ட போடணும், மாட்டினதுக்கு அப்பறம் இல்ல. தார் ரோட்டுக்கு வந்ததும் அத எடுத்துடணும், இல்லன்னா திருப்பத்துல ஷாஃப்ட்டு எல்லாம் முறுக்கிகினு லிவர் வெளியவே வராது, கொஞ்ச தூரம் பின்னாடி எடுத்தாத்தான் விடும்.

இதையெல்லாம் பட்டா நிலத்துல செய்யுங்க, நெலத்துக்காரர் சொன்னா ராஜாவா செய்யுங்க. அமிர்தி பக்கம், ஜவ்வாது மலை பக்கம் காட்டுக்குள்ள ஏத்தினா ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போடுவாங்க, போடணும், மழையில ஒரு வாட்டி இந்த டயர் போன தடம் அடுத்த மழைக்கு ஓடையா ஆயிடும். பாலாத்துல இறங்கறதும் வேணாம். மண்ண அள்ளி அள்ளி எங்க குழி, எங்க களிமண்ணுன்னு அந்த ஆத்துக்கே தெரியாது, 2021 நவம்பர்ல ரெண்டு கரையும் தொட்டுகினு வந்த வெள்ளத்த பாத்தவங்க அத வெறும் மணல்னு நெனச்சி வண்டிய நிறுத்திட்டு பிரியாணி சாப்பிட மாட்டாங்க.

இன்னொண்ணு மனசுல உறுத்துது, சொல்லிடறேன். அணைக்கட்டு தாலுகா பக்கம் அல்லேரி மலையில 2023 மே மாசம் பாம்பு கடிச்ச பச்சைக் குழந்தை, ரோடு இல்லாம ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள போயிடுச்சி, திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் மேல போவ முடியாம அந்த உடம்ப பெத்தவளே தூக்கிகினு நடந்தா, உங்க பேப்பர்லயும்தான் வந்துச்சி. நம்ம பசங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி தேடிப் போற கல்லு வழி அந்த ஜனங்களுக்கு தெனம் ரேஷன் அரிசி தூக்கற வழி. இந்த மாதிரி நாலு சக்கரமும் இழுக்கற வண்டி, ஓட்டத் தெரிஞ்ச ரிட்டயர்ட் டிரைவருங்க, ரெண்டும் இந்த மாவட்டத்துல இருக்கு. மழைக் காலத்துல மலை ஊருக்கு ஒரு வண்டின்னு கலெக்டர் ஆபீஸ்ல கூப்பிட்டா டீசல் காசு குடுத்தா போதும், நான் வரேன், டீக்கடையில அன்னிக்கு சிரிச்ச மத்த மூணு பேரும் வரேன்னு சொல்லியிருக்காங்க, இத எழுதச் சொன்னதே அவங்கதான்.

மறுபடியும் அந்தப் போட்டோ. திருத்தம் போடும்போது ஸ்டாலியன்னு ஒண்டி மாத்திட்டு விட்டுடாதீங்க சார். அந்த வண்டியில முன்னாடி நம்பர் பிளேட்டே இல்ல, நான் பூதக்கண்ணாடி வச்சிப் பாத்தேன், பிளேட்டு இருக்க வேண்டிய எடத்துல ஒரு சிங்கம் ஸ்டிக்கர் இருக்கு. அந்தப் பசங்ககிட்ட ஃபாரம் 21 இருக்கான்னு உங்க நிருபர் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டு, அதையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்ட் ஹவல்தார் (ஏ.எஸ்.சி. டிரைவர்),
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.